தொலைவிலிருந்து நாடி பிடிக்கும் மென்பொருள்

1990-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இன்டராப் என்ற இணையத் தொழில்நுட்பக் கண்காட்சி நடந்தது. கணினிகளும் கம்பிகளும் குவிந்திருந்த அந்த இடத்தில் பார்வைக்கு வைக்கப்பட்ட பொருள்களில் ஒன்று, ரொட்டி வாட்டும் சாதாரண டோஸ்டர். நம் ஊர்க் காப்பிக்கடையில் காயா தடவித் தருவதற்கு முன் ரொட்டியை வாட்டுவார்களே, அதே வகைப் பொருள்தான். ஒரே ஒரு வித்தியாசம். அதை இயக்கியவர் டோஸ்டரைத் தொடவே இல்லை. கணினியிலிருந்து இணையம் வழியாக ஒரு கட்டளை போனது, டோஸ்டர் சூடானது. எவ்வளவு நேரம் மின்சாரம் விடுகிறோம் என்பதைப் பொறுத்து ரொட்டி பொன்னிறமாகவோ கருகலாகவோ வந்தது.

இது ஒரு சவாலில் பிறந்த கதை. கண்காட்சியை நடத்திய டான் லின்ச், "டோஸ்டரை இணையத்தோடு இணைத்துக் காட்டினால் அடுத்த ஆண்டு அதற்குத் தனி மரியாதை தருகிறேன்" என்ற பொருளில் ஜான் ராம்கி என்ற பொறியாளரிடம் சொல்லி வைத்தார். ராம்கி ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சைமன் ஹேக்கெட்டைச் சேர்த்துக்கொண்டு அதைச் செய்து முடித்தார். ரொட்டித் துண்டை மட்டும் மனிதர்தான் கையால் போட வேண்டியிருந்தது. மறு ஆண்டு அந்த வேலைக்கும் ஒரு சிறிய இயந்திரக் கையைப் பொருத்திவிட்டார்கள்!

வேடிக்கையாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால், அந்த டோஸ்டருக்குக் கட்டளை கொண்டுபோன மொழி வேடிக்கையானது அன்று. எஸ்.என்.எம்.பி. என்பது அதன் பெயர். தமிழில் 'எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை' எனலாம். 1988-இல் வெளியான இந்த நெறிமுறை, பெரிய ஏற்பாடு ஒன்று தயாராகும் வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்றுதான் கொண்டுவரப்பட்டது. அந்தப் பெரிய ஏற்பாடு காணாமல் போய்விட்டது. தற்காலிகமாக வந்தது 35 ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகமெங்கும் ரவுட்டர், சுவிட்ச், அச்சுப்பொறி, மின்கலப் பெட்டி என்று எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எதற்காக இப்படி ஒன்று தேவைப்பட்டது? ஒரு பல்கலைக்கழகத்தையோ மருத்துவமனையையோ எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் இரண்டு மூன்று சுவிட்ச் பெட்டிகள், கூரைக்கு அடியில் வைஃபை கருவிகள், அடித்தளத்தில் சர்வர்கள் இருக்கும். எல்லாம் சேர்ந்தால் எளிதில் ஆயிரத்தைத் தாண்டும். "மூன்றாவது மாடியில் இணையம் வரவில்லை" என்று ஒருவர் சொன்னதும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடினால், ஒரு நாளுக்கு இரண்டு கருவிகளைப் பார்க்கலாம். ஆயிரத்தைப் பார்க்க முடியாது. ஆகவே, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாக் கருவிகளின் நாடியையும் பிடித்துப் பார்க்கும் மென்பொருள் வேண்டியிருந்தது.

கேள்வியும் பதிலும்

இந்த ஏற்பாட்டில் இரண்டு தரப்பு உண்டு. கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மென்பொருள் மேலாளர். ஒவ்வொரு கருவிக்குள்ளும் குடியிருக்கும் சின்னஞ்சிறு மென்பொருள் முகவர். மேலாளர் கேட்பார், முகவர் பதில் சொல்வார். "எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய்?" "உன் 12-ஆம் எண் துளையில் கம்பி செருகியிருக்கிறதா?" "உள்ளே வெப்பநிலை எவ்வளவு?"

கருவி மலேசியாவில் செய்ததா, ஜப்பானில் செய்ததா, எந்த நிறுவனத்துடையது என்பதெல்லாம் மேலாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. காரணம், கேட்கக்கூடிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் உலகப் பொதுவான எண்முகவரி உண்டு. நம் வீட்டு முகவரியைப் பின்னாலிருந்து படித்தால் நாடு, மாநிலம், ஊர், சாலை, கதவெண் என்று வரும் அல்லவா? அதே முறைதான். "எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறாய்" என்ற கேள்வியின் முகவரி 1.3.6.1.2.1.1.3.0. ஒவ்வொரு புள்ளியும் மரத்தின் ஒரு கிளை பிரியும் இடம். பெரிய கிளையிலிருந்து சிறிய கிளைக்கு இறங்கி, கடைசியில் இலைக்கு வந்து சேர்கிறோம்.

டோஸ்டருக்கும் இப்படி ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறார்கள். செய்த நிறுவனம் எது, ரொட்டி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, எந்த வகை ரொட்டி, 1 முதல் 10 வரை எவ்வளவு வாட்ட வேண்டும் என்பன அதில் உண்டு. ரவுட்டருக்கான பட்டியலுக்கும் இதற்கும் அமைப்பில் எந்த வேறுபாடும் இல்லை. அதனால்தான் இந்த டோஸ்டரை நான் வெறும் விளையாட்டாக நினைக்கவில்லை. ஒரு பொருளைப் பற்றிக் கேட்க வேண்டியதையும் மாற்ற வேண்டியதையும் எண்களாகப் பட்டியல் போட முடிந்தால், அந்தப் பொருள் எதுவாக இருந்தாலும் தொலைவிலிருந்து ஆளலாம் என்பதை அது நிரூபித்தது.

மேலாளர் செய்யக்கூடியவை அடிப்படையில் இரண்டுதான்: ஒரு மதிப்பைக் கேட்பது, ஒரு மதிப்பை மாற்றுவது. மூன்றாவது வேலை முகவருடையது. யாரும் கேட்காமலேயே, "ஐயோ, என் காற்றாடி நின்றுவிட்டது!" என்று அது தானாகக் கூவலாம்.

ஒரு கணக்கு

இப்போது தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

"இப்போது இந்தக் கம்பியில் என்ன வேகத்தில் தரவு ஓடுகிறது?" என்று மேலாளர் நேரடியாகக் கேட்பதில்லை. முகவரிடம் இருப்பது ஓர் எண்ணி மட்டுமே. வீட்டுத் தண்ணீர் மீட்டரைப் போல, இதுவரை எத்தனை பைட் கடந்து போயின என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். மேலாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வந்து மீட்டரைப் படித்துவிட்டுப் போகிறார். முதல் முறை 1,250,000,000. ஐந்து நிமிடம் கழித்து 1,625,000,000. வேறுபாடு 375,000,000 பைட். ஒரு பைட்டுக்கு 8 பிட் என்பதால் 3,000,000,000 பிட். அதை 300 வினாடியால் வகுத்தால் வினாடிக்கு 10 மில்லியன் பிட், அதாவது 10 மெகாபிட். அவ்வளவுதான் வித்தை!

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலுள்ள டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த டோபியாஸ் ஒடிகர், 1995-இல் இந்தக் கணக்கை விடாமல் போட்டு வரைபடமாகக் காட்டும் மென்பொருளை வெளியிட்டார். அப்போது அங்கே வெளியுலகுக்கு இருந்த ஒரே இணைப்பின் வேகம் 64 கிலோபிட். இன்று வீட்டுக்கு வரும் 100 மெகாபிட் இணைப்பு அதைப் போல 1,500 மடங்குக்கும் மேல். அந்த ஒற்றைக் கம்பி எப்போது நிரம்பி வழிகிறது என்று எல்லாருக்கும் தெரிய வேண்டியிருந்ததால் பிறந்த கருவி அது. அதன் பச்சை நிற வரைபடத்தைப் பல நிறுவனங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் பல்லாண்டுகள் காண முடிந்தது.

இந்த எண்ணியில் ஒரு பொறி இருக்கிறது. பழைய எண்ணிகள் 32 பிட் அகலம் கொண்டவை. அவை எட்டக்கூடிய மிகப்பெரிய எண் 4,294,967,295. அதைத் தாண்டியதும் பழைய காரின் கிலோமீட்டர் மானி போல மறுபடியும் 0-வுக்குப் போய்விடும். 4,200,000,000 என்று படித்த மீட்டர் அடுத்த முறை 300,000,000 என்று காட்டினால், "ஒரு சுற்று முடிந்திருக்கிறது" என்று மென்பொருள் புரிந்துகொண்டு 4,294,967,296-ஐக் கூட்டிக்கொள்ளும். சரி, இடையில் இரண்டு சுற்று முடிந்திருந்தால்? கண்டுபிடிக்க வழியே இல்லை.

1988-இல் இது யாருக்கும் கவலையாக இல்லை. வினாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் அந்த எண்ணி ஒரு சுற்று வர ஏறக்குறைய 57 நிமிடம் ஆகும். வினாடிக்கு 1 கிகாபிட் வேகத்தில் எத்தனை வினாடி என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 34 வினாடி வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பவருக்கு அது எத்தனை முறை சுற்றியது என்று எப்படித் தெரியும்? ஆகவே, 64 பிட் எண்ணிகளைச் சேர்த்தார்கள். அதே 1 கிகாபிட் வேகத்தில் அவை ஒரு சுற்று முடிக்க 4,600 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இருமடங்கு பிட்டுக்கு இருமடங்கு நேரம்தான் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் அடுக்கு விதியை இன்னொரு முறை படிக்கலாம்.

விழித்திருக்கும் நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. அது வினாடியின் நூறில் ஒரு பங்காக 32 பிட்டில் எண்ணப்படுகிறது. 497 நாள் ஆனதும் 0-வுக்குத் திரும்பிவிடும். ஓராண்டுக்கும் மேலாக ஓயாமல் உழைத்த கருவி, "நான் மூன்று நாளுக்கு முன்தான் எழுந்தேன்" என்று அப்பாவியாகச் சொல்லும். விவரம் அறியாத பொறியாளர், யார் இதை அணைத்துப் போட்டது என்று தேடிக்கொண்டிருப்பார்.

மௌனத்துக்கும் பொருள் உண்டு

"டீச்சர், எங்கள் வீட்டு இணையம் போய்விட்டது. அப்பா சேவை எண்ணுக்கு அழைத்ததும், வீட்டுக்கு வராமலேயே 'கம்பியில் பிரச்சினை, ஆள் அனுப்புகிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். எப்படித் தெரிந்தது?" என்று நான்காம் படிவ மாணவி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. செத்துப்போன கருவி தான் செத்ததை எப்படிச் சொல்லும்?

முகவர் தானாகக் கூவும் என்று சொன்னேன். அந்தக் கூவல் பதிவுத் தபால் போன்றது அன்று, அஞ்சலட்டை போன்றது. போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. வலையமைப்பு நெரிசலில் தவிக்கும்போது அதன் மேல் மேலும் சுமை ஏற்றக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இப்படி இலேசாக வைத்திருக்கிறார்கள். அதனால் கூவலை மட்டும் நம்பியிருக்க முடியாது. மேலாளர் இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், அந்த மௌனமே செய்தி.

ஆனால், என்ன செய்தி? மின்சாரம் போய்விட்டதா, கம்பி அறுந்ததா? இரண்டிலும் மௌனம் ஒன்றுதானே! இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சிறு தந்திரம் வருகிறது. வீட்டுக்கு வரும் ஒளியிழைக் கம்பியின் முனையில் இருக்கும் மோடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் மின்தேக்கி இருக்கிறது. இயற்பியலில் நீங்கள் 'கபாசிட்டர்' என்று படிப்பதுதான். மின்சாரம் நின்ற கணத்தில் மின்தேக்கியில் மிச்சமிருக்கும் மின்னூட்டம் மோடத்தை ஒரு வினாடியின் சிறு பகுதிக்கு மட்டும் உயிரோடு வைத்திருக்கும். அந்த இடைவெளியில் மோடம், "எனக்கு மின்சாரம் போகிறது" என்று ஒரே ஒரு செய்தியை அனுப்பிவிட்டு அணைகிறது. இதற்குப் பொறியாளர்கள் வைத்த பெயரே 'கடைசி மூச்சு' என்பதுதான்.

கடைசி மூச்சு வந்து, பிறகு மௌனம் என்றால் வீட்டில் மின்சாரம் இல்லை. அல்லது யாரோ சுவிட்சை அணைத்துவிட்டார்கள். கடைசி மூச்சே இல்லாமல் திடீர் மௌனம் என்றால், பெரும்பாலும் கம்பியில் கோளாறு. அறுந்த கம்பி வழியே கடைசி மூச்சும் போய்ச் சேராது அல்லவா! தொலைபேசியில் பேசியவர் மந்திரம் எதுவும் போடவில்லை.

ஒரு கருவி செத்தால் அதன் பின்னால் இருக்கும் இருநூறு கருவிகளும் எட்டாமல் போகும். மென்பொருள் இருநூற்றொரு அபாயச் செய்திகளை அள்ளிக் கொட்டினால் பொறியாளர் எதைப் பார்ப்பார்? ஆகவே, எது எதன் பின்னால் இருக்கிறது என்ற வரைபடத்தை மென்பொருள் மனத்தில் வைத்திருக்கும். முதலில் விழுந்ததை மட்டும் சிவப்பில் காட்டி, மற்றவற்றை அடக்கி வைக்கும்.

கடவுச்சொல் 'பப்ளிக்'

இதுவரை பார்த்தது பெரும்பாலும் கேட்பதைப் பற்றி. மாற்றுவது வேறு விவகாரம். ஒரு துளையை மூடலாம், கருவியை அணைத்து எழுப்பலாம், வழித்தடத்தைத் திருப்பிவிடலாம். அப்படியானால் அந்த அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது முக்கியமாகிறது.

எஸ்.என்.எம்.பி.யின் முதல் பதிப்பில் பாதுகாப்பு என்று இருந்தது ஒரு சொல் மட்டுமே. அதுவும் மறைக்கப்படாமல், வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி போனது. பல நிறுவனங்கள் கருவியை விற்கும்போதே படிப்பதற்கு 'பப்ளிக்', மாற்றுவதற்கு 'பிரைவேட்' என்று சொல்லை வைத்து அனுப்பின. வாங்கியவர்களில் பலர் மாற்றவே இல்லை. வீட்டைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டது போலத்தான். மறையாக்கமும் அடையாளச் சோதனையும் கொண்ட மூன்றாம் பதிப்பு 2002-இல் முழுத் தரநிலை ஆனது. நல்ல பூட்டு வந்தும் பழைய பூட்டையே பயன்படுத்துவோர் இன்னும் இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம்தான்.

வீட்டு மோடங்களைச் சேவை நிறுவனங்கள் தொலைவிலிருந்து நிர்வகிக்க வேறொரு நெறிமுறை உண்டு. 2016 நவம்பர் 27-ஆம் நாள் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் நிறுவனத்தின் சுமார் 900,000 வாடிக்கையாளர்களுடைய இணைப்பு தடுமாறியது. இணையத்தில் திரியும் தீய நிரல் ஒன்று, நிர்வாகத்துக்கென்று திறந்து வைக்கப்பட்ட வாசலைக் கண்டுபிடித்துத் தட்டிக்கொண்டே இருந்தது. அதன் நோக்கம் மோடங்களை அடிமையாக்கித் தன் படையில் சேர்ப்பது. அந்த மோடங்கள் அடிமையாகவில்லை. ஆனால், ஓயாத தட்டலைத் தாங்க முடியாமல் மயங்கி விழுந்தன. தொலைவிலிருந்து உதவுவதற்காக வைத்த வாசல் வழியாகவே தொல்லை வந்தது.

மேலாளரே வெளியில் நின்றால்?

2021 அக்டோபர் 4. மலேசிய, சிங்கப்பூர் நேரம் இரவு ஏறக்குறைய 11.40. முகநூல், இன்ஸ்டாகிராம், புலனம் மூன்றும் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. திரும்பி வருவதற்குள் ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. நமக்கு அப்போது விடியற்காலை.

யாரும் தாக்கவில்லை. முகநூல் நிறுவனம் தன் தரவு மையங்களைக் கண்டம் விட்டுக் கண்டம் இணைக்கும் சொந்த வலையமைப்பு ஒன்றை வைத்திருக்கிறது. வழக்கமான பராமரிப்பின்போது, அந்த வலையமைப்பில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று அளப்பதற்காக ஒரு கட்டளை தரப்பட்டது. அளப்பதற்குப் பதிலாக அது எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட ஆபத்தான கட்டளைகளைத் தடுத்து நிறுத்தவே ஒரு சோதனை மென்பொருள் இருந்தது. அதிலேயே பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டியது. 'முகநூல் எந்த எண்முகவரியில் இருக்கிறது' என்று உலகுக்குச் சொல்லும் பெயர்ச் சர்வர்களுக்கு ஒரு பாதுகாப்பு விதி இருந்தது: தரவு மையத்தை எட்ட முடியவில்லை என்றால், நம்மிடம்தான் கோளாறு என்று எண்ணி ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒரு சர்வருக்கு இது நல்ல விதி. அன்று எல்லாச் சர்வர்களும் ஒரே நேரத்தில் அப்படி எண்ணி ஒதுங்கின. இணையத்தின் வரைபடத்திலிருந்தே முகநூல் மறைந்தது.

சரி, பொறியாளர்கள் தொலைவிலிருந்து நுழைந்து சரிசெய்ய வேண்டியதுதானே? அந்தத் தொலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஓடியதும் அதே வலையமைப்பில்தான். அவையும் பெயர்ச் சர்வர்களையே நம்பியிருந்தன. அவசரத்துக்கென்று இருந்த மாற்று வழியும் அப்போது கைகொடுக்கவில்லை. நுனிமரத்தில் உட்கார்ந்துகொண்டு அடிமரத்தை வெட்டிய கதையாகிவிட்டது. கடைசியில் ஆள்கள் நேரில் தரவு மையங்களுக்குப் போனார்கள். அங்கேயும் எளிதில் யாரும் நுழைந்து எதையும் மாற்றிவிட முடியாதபடி கட்டுக்காவல். திருடனைத் தடுக்கக் கட்டிய மதில் வைத்தியரையும் தடுத்தது.

சரிசெய்த பிறகும் உடனே எல்லாவற்றையும் திறந்துவிடவில்லை. தரவு மையங்களின் மின்சாரப் பயன்பாடு பத்துப் பத்து மெகாவாட் கணக்கில் குறைந்திருந்தது. அத்தனையும் ஒரே மூச்சில் திரும்பினால் மின்சாரக் கருவிகளே தாங்காமல் போகலாம். ஆகவே, படிப்படியாகத்தான் ஏற்றினார்கள்.

தொலைவிலிருந்து ஆள்பவர்கள் இந்த ஆபத்தை அறியாதவர்கள் அல்லர். பல நிறுவனங்கள் முக்கியமான ரவுட்டர்களுக்குத் தனியாக ஒரு கைப்பேசி இணைப்பைக் கொடுத்து வைத்திருக்கும். முதன்மைக் கம்பி செத்தாலும் அந்தப் பின்வாசல் வழியாக உள்ளே நுழையலாம். அந்தப் பின்வாசல் முதன்மை வலையமைப்பை எந்த விதத்திலும் நம்பியிருக்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. சொல்வது எளிது, கட்டிக் காப்பது செலவு.

செலவே இல்லாத இன்னொரு வழியும் உண்டு. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, சரவாக்கின் உட்பகுதியிலோ ஒரு மலையுச்சிக் கோபுரத்திலோ இருக்கும் ரவுட்டரின் அமைப்பை மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எண்ணைத் தவறாகத் தட்டினால் இணைப்பு அறுந்துவிடும். பிறகு ஜீப்போ படகோ எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். அதனால், அனுபவமுள்ள பொறியாளர் மாற்றத்தை அனுப்பும்போதே ரவுட்டரிடம் ஒரு நிபந்தனையையும் சேர்த்துச் சொல்வார்: "பத்து நிமிடத்துக்குள் நான் மறுபடியும் வந்து 'சரி' என்று சொல்லாவிட்டால், நீயாகவே பழைய அமைப்புக்குத் திரும்பிவிடு."

மாற்றம் சரியாக இருந்தால் அவர் மீண்டும் உள்ளே நுழைந்து 'சரி' என்பார். இணைப்பு அறுந்துவிட்டாலோ, அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு தேநீர் குடிக்கலாம். பதினோராவது நிமிடத்தில் அந்தக் கருவி அவருடைய திரையில் மறுபடியும் பச்சை நிறத்தில் எரியும்.